வீடு காட்டப் போகும்போது எப்படிப் போவது? ரியல் எஸ்டேட் முகவரின் தோற்றத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

இந்தத் தொழிலுக்கு வந்த முதல் வருடம். ஒரு வீட்டைக் காட்டப் போயிருந்தேன். வாங்க வந்தவர் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவர், கூடவே அவர் மனைவி. வீட்டு ஓனர் வாசலிலேயே, "ஷூவைக் கழற்றிவிட்டு வாங்க" என்றார். கழற்றினேன். இடது காலுறையின் ஓட்டை வழியாகக் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. வந்தவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த ஒரு மணி நேரம் அவர் கேட்ட கேள்விகள் இன்னும் நினைவிருக்கின்றன. "மேலே தண்ணீர்த் தொட்டியை நீங்களே ஏறிப் பார்த்தீர்களா?" "பத்திரத்தைக் கையில் வாங்கிப் படித்தீர்களா, இல்லை ஓனர் சொன்னதைச் சொல்கிறீர்களா?" அதே வீட்டைப் பார்த்த மற்ற யாரும் அப்படிக் குடையவில்லை. காலுறை ஓட்டைதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் தன் காலுறையையே பார்க்காதவன் வீட்டை எங்கே பார்த்திருப்பான் என்று அவர் நினைத்திருந்தால் அதில் தப்பே இல்லை.

தோற்றம் என்றதும் பலரும் விலை உயர்ந்த கோட்டு, கடிகாரம், கார் என்று போய்விடுகிறார்கள். வாங்க வருபவர் உங்களிடம் தேடுவது பணத்தின் அடையாளம் அல்ல, கவனத்தின் அடையாளம். "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்று சொல்லி வைத்தார்களே, இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு வரியைச் சுற்றித்தான்.

முதலில்: எதிரில் இருப்பவர் மனதில் என்ன நடக்கிறது

2006ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜேனின் வில்லிஸ், அலெக்சாண்டர் டோடோரோவ் இருவரும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாத முகங்களை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டி, இவர் நம்பத் தகுந்தவரா, திறமையானவரா என்று கேட்டார்கள். நேரக் கட்டுப்பாடே இல்லாமல் பார்த்தவர்கள் சொன்னதோடு அந்த அவசரக் கணிப்பு பெரிதும் ஒத்துப்போனது. கூடுதல் நேரம் கொடுத்தபோது கணிப்பு பெரிதாக மாறவில்லை. கணிப்பின் மேல் இருந்த உறுதிதான் கூடியது. அந்தக் கணிப்பு சரியாக இருக்கும் என்று அர்த்தமில்லை. ஆனால் சரியோ தப்போ, வந்தபின் லேசில் போகாது.

அதற்கு வெகு முன்பே, 1920ல், எட்வர்ட் தார்ண்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களை அலசினார். உடல் தோற்றம், அறிவு, தலைமைப் பண்பு, நடத்தை என்று தனித்தனியாகத்தான் மதிப்பெண் கேட்டிருந்தார்கள். ஒன்றில் நல்ல பெயர் வாங்கியவர் மற்ற எல்லாவற்றிலும் நல்ல பெயர் வாங்கியிருந்தார். ஒரு குணத்தின் வெளிச்சம் மற்ற குணங்கள் மேலும் விழுகிறது. இருட்டும் அப்படியே விழும்.

வீடு வாங்குபவருக்கு இது இன்னும் கூர்மை. சுவருக்குள் ஓடும் குழாயை அவரால் பார்க்க முடியாது. ஆவணத்தின் மொழி புரியாது. வாழ்நாளில் ஒரு முறையோ இரண்டு முறையோ செய்கிற காரியம். பார்க்க முடியாததைப் பற்றி முடிவெடுக்க, பார்க்க முடிந்ததைப் பிடித்துக்கொள்கிறார். அவர் கண்ணில் படுகிற முதல் ஆதாரம் நீங்கள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அழகானவர்களுக்குச் சம்பளம் கூடுதலாகக் கிடைக்கிறது என்று டேனியல் ஹேமர்மெஷ், ஜெஃப் பிடில் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1994லேயே கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அநியாயம்தான், ஆனால் உண்மை. மூக்கையும் உயரத்தையும் நிறத்தையும் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். சட்டைக் காலரை மாற்றலாம். இங்கே பேசுவதெல்லாம் மாற்ற முடிந்ததைப் பற்றி மட்டும்.

படி 1: யாரைப் பார்க்கப் போகிறோம், எதைக் காட்டப் போகிறோம்

அலமாரியைத் திறக்கும் முன் டைரியைத் திறங்கள். காலையில் காலி மனை, மதியம் அடுக்குமாடி வீடு, மாலையில் விற்கச் சொல்லி அழைத்த ஓனரோடு முதல் சந்திப்பு என்று இருந்தால் மூன்றுக்கும் ஒரே உடை பொருந்தாது. நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: வாடிக்கையாளர் உடுத்தி வரும் உடைக்குச் சமமாகவோ, அரைப்படி மேலாகவோ இருக்க வேண்டும். இரண்டு படி மேலே போனால் அவர் கூச்சப்படுவார். தன்னிடம் பணம் பிடுங்க வந்தவன் என்றும் நினைக்கலாம். ஒரு படி கீழே போனால் தன்னை மதிக்கவில்லை என்று நினைப்பார்.

அவர் எப்படி உடுத்துவார் என்று தெரியாவிட்டால்? உங்கள் ஊரில் வங்கி மேலாளர் வேலைக்கு எப்படிப் போகிறாரோ அப்படிப் போங்கள். அவரும் மற்றவர் பணத்தைக் கையாள்பவர்தான். ஊருக்கு ஊர் அந்த உடை மாறினாலும் அது சொல்கிற செய்தி ஒன்றுதான்.

விற்கச் சொல்லும் ஓனரைப் பார்க்கப் போகும்போது மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே உடுத்துவேன். வாங்க வருபவர் வீட்டைப் பார்க்க வருகிறார். ஓனரோ உங்களைப் பார்க்க உட்கார்ந்திருக்கிறார். தன் வீட்டைக் காட்டப் போகிறவன் அந்த வீட்டுக்குத் தகுந்தவனா என்பதுதான் அவர் மனக்கணக்கு.

"பெரிய பெரிய கோடீஸ்வரர்கள் எல்லாம் டி-சட்டையில்தானே வருகிறார்கள்?" என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. 2014ல் சில்வியா பெலெட்சா, பிரான்செஸ்கா ஜினோ, அனத் கெய்னன் மூவரும் இதை ஆராய்ந்தார்கள். வழக்கத்தை மீறி உடுத்தியவருக்குச் சில இடங்களில் மதிப்பு கூடியது நிஜம். ஆனால் அவர் தெரிந்தேதான் மீறுகிறார் என்று பார்ப்பவருக்குப் புரிந்திருக்க வேண்டும். உங்கள் பெயரை நேற்றுத்தான் கேள்விப்பட்ட ஒருவருக்கு அது புரியாது. இருபது வருடம் கழித்து டி-சட்டை போடுங்கள்.

படி 2: உடம்பு, அதிலும் முக்கியமாக வாசனை

தோற்றம் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாம் கண்ணைப் பற்றியே பேசுகிறார்கள். இந்தத் தொழிலில் மூக்கு அதைவிட முக்கியம். யோசித்துப் பாருங்கள்: பூட்டிக் கிடந்த வீடு, ஜன்னல் திறக்காத அறை, காற்றாடி இல்லை, மூன்று பேர் ஒரு குளியலறைக்குள் நின்று குழாயைத் திறந்து பார்க்கிறீர்கள். வேறு எந்த வியாபாரத்தில் முதல் நாளே இவ்வளவு நெருக்கமாக நிற்கிறோம்?

வியர்வை நாற்றம் தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். நிறைய பேருக்குத் தெரியாதது, வாசனைத் திரவியமும் தப்பு என்பது. வீடு வாங்குபவர் தெரிந்தோ தெரியாமலோ ஈர வாடையை, பூஞ்சை வாடையை, சாக்கடை வாடையை மோந்து பார்த்துக்கொண்டேதான் நடப்பார். உங்கள் சென்ட் அந்த அறை முழுக்க நிறைந்தால், எதையோ மறைக்கிறார்கள் என்ற சந்தேகம் வீட்டின் மேல் விழும். சிலருக்குத் தலைவலி, தும்மல் வேறு. ஒரு கர்ப்பிணி பாதி வீட்டைக்கூடப் பார்க்காமல் வெளியே போய் நின்றுகொண்டார். காரணம் நான் தெளித்திருந்த சென்ட். அன்றிலிருந்து வேலைக்குப் போகும்போது சோப்பு மட்டும்தான்.

டியோடரன்ட் வேறு, வியர்வையைக் குறைக்கும் மருந்து வேறு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். முதலாவது நாற்றத்தை மட்டும் பார்த்துக்கொள்ளும். இரண்டாவதில் அலுமினிய உப்பு இருக்கும், வியர்வையையே குறைக்கும். அதை இரவில், காய்ந்த அக்குளில் தடவிக்கொண்டு படுத்தால் நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் இரவில் வியர்வை குறைவு. காலையில் அவசரமாகத் தடவிக்கொண்டு ஓடினால் பாதிப் பலன்தான். வாசனை இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.

சிகரெட் பிடிப்பவர் என்றால், சந்திப்புக்கு முன் பிடிக்காமல் இருப்பது ஒன்றுதான் வழி. வாய்க்கு மிட்டாய் போட்டாலும் சட்டையிலும் விரலிலும் காரின் இருக்கையிலும் அது இருக்கும். பிடிக்காதவர் மூக்குக்கு உடனே தெரியும்.

அப்புறம் கை. ஆவணத்தில் இந்த வரியைப் பாருங்கள் என்று விரலை வைக்கிறீர்கள். சுவிட்சைத் தட்டுகிறீர்கள், சாவியைத் திருப்புகிறீர்கள். வாடிக்கையாளரின் கண் உங்கள் விரல் நகத்தைப் பின்தொடர்ந்தே வீடு முழுக்கச் சுற்றுகிறது. நகம் ஒட்ட வெட்டி, சுத்தமாக இருக்க வேண்டும். பெண்கள் நகப்பூச்சு போடுவதாக இருந்தால் முழுதாக இருக்கட்டும். பாதி உரிந்தது, போடாததைவிட மோசம்.

தலைமுடி, தாடி எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம், ஓர் எல்லைக்கோடு தெரிய வேண்டும். தாடி வைப்பது விருப்பம். மூன்று நாள் சவரம் செய்ய மறந்தது மறதி. பார்ப்பவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும்.

படி 3: உடை, அளவிலிருந்து தொடங்குங்கள்

புதிதாக வாங்கும் முன், இருப்பதைத் தையல்காரரிடம் எடுத்துப் போங்கள். மலிவான சட்டை உடம்புக்குச் சரியாக இருந்தால், தொளதொளவென்று தொங்கும் விலை உயர்ந்த சட்டையைவிட மேலாகத் தெரியும். தோள் தையல் தோள் எலும்பின் முனையில் முடிய வேண்டும். காலர் பொத்தானைப் போட்டபின் ஒரு விரல் நுழைய இடம் இருந்தால் போதும். கால்சட்டை தரையில் புரளக் கூடாது. கோட்டு போடுபவர் என்றால் உள்ளே போட்ட சட்டையின் கை முனை ஒரு சென்டிமீட்டர் வெளியே தெரியட்டும், கீழ்ப்பொத்தானைப் போடாமல் விடுங்கள்.

புதுக் கோட்டின் பின்பக்கப் பிளவிலும் பையிலும் தற்காலிகமாகப் போட்ட நூல் இருக்கும். அதைப் பிரித்துவிடுங்கள். கையில் தைத்திருக்கும் கடை லேபிளையும்தான். அதோடு நடமாடுபவர்களை இன்னமும் பார்க்கிறேன்.

துணி எடுக்கும்போது ஒரு மூலையைக் கைக்குள் வைத்து இறுக்கிப் பத்து எண்ணி விடுங்கள். கசங்கியது கசங்கியபடியே இருந்தால் அந்தத் துணி காரில் அரைமணி நேரம்கூடத் தாங்காது. லினன் அழகுதான், ஆனால் இந்த வேலைக்கு ஆகாது. மெல்லிய கம்பளித் துணி தானாகவே சுருக்கத்தை உதறிக்கொள்ளும். பருத்தியோடு கொஞ்சம் பாலியஸ்டர் கலந்தால் காலையில் இஸ்திரி போட்டது மாலை வரை நிற்கும்.

நிறத்தில் எனக்கு ஓர் அனுபவப் பாடம் உண்டு. வெளிர் நீலமும் சாம்பலும் போட்டால் வியர்வை ஈரம் வரைபடம் மாதிரி தெரியும். வெள்ளையிலும் கருநீலத்திலும் அவ்வளவாகத் தெரியாது. வெயிலில் மனை காட்டும் நாட்களில் வெள்ளைதான். கண்ணைப் பறிக்கும் பூப்போட்ட சட்டை போட்டால், மாலையில் அவர்கள் நினைவில் வீடு இருக்காது, சட்டை இருக்கும்.

அலமாரி நிறைய வேண்டாம். ஒன்றோடொன்று பொருந்தும் மூன்று கால்சட்டை, ஐந்து மேல்சட்டை, ஒரு கோட்டு அல்லது அதற்கு ஈடான ஒரு மேலாடை. ஆணோ பெண்ணோ, நடுத்தரமான நிறங்களில் இப்படி ஒரு தொகுப்பு இருந்தால் காலையில் யோசிக்க வேண்டியதே இல்லை.

இப்போது பலரும் விட்டுவிடுகிற பரிசோதனை. கண்ணாடி முன் நேராக நின்று பார்ப்பது பாதிப் பார்வைதான். குந்தி உட்கார்ந்து எழுந்திருங்கள். கையை உயர்த்தி மேல் அலமாரியைத் திறப்பது போல் செய்யுங்கள். காரில் உட்கார்ந்து இறங்குங்கள். சிங்குக்கு அடியில் குழாயைக் காட்டும்போது சட்டை வெளியே வருமா, முதுகு தெரியுமா, பொத்தான் இடைவெளி விரிகிறதா என்று அப்போதுதான் தெரியும். பிறகு வீட்டில் யாரையாவது உங்களைப் பின்னாலிருந்து படம் எடுக்கச் சொல்லுங்கள். மாடிப்படியில் நீங்கள் முன்னால் ஏறுகிறீர்கள். பின்னால் வருபவர் கண்ணெதிரே இருப்பது உங்கள் முதுகும், இடுப்பும், தேய்ந்த ஷூக் குதிகாலும். நம் வாழ்நாளில் நாம் பார்க்காத அந்தப் பக்கத்தை வாடிக்கையாளர் தினமும் பார்க்கிறார்.

படி 4: காலுக்குக் கீழே

காலுறை கதை சொல்லிவிட்டேன். ஷூவிலும் முதல் தகுதி, சட்டென்று கழற்றி மாட்ட முடிய வேண்டும். எட்டு வீடு காட்டினால் எட்டு முறை கழற்ற நேரலாம். ஒவ்வொரு முறையும் வாசலில் குனிந்து கயிறு கட்டிக்கொண்டு வாடிக்கையாளரைக் காக்க வைக்க முடியாது. கயிறில்லாத தோல் ஷூ போதும். இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுங்கள். உள்ளே ஏறிய ஈரம் காய ஒரு முழு நாள் பிடிக்கும். காயாததைப் போட்டால் நாறும், தோலும் சீக்கிரம் வெடிக்கும். பாலிஷ் மேலே மட்டும் போடாமல், அடித்தோலின் ஓரத்துக்கும் போடுங்கள்.

உயரக் குதிகால் செருப்பு மரத்தரையில் பள்ளம் போடும், கட்டுமான இடத்தில் காலை ஒடிக்கும். அவசரமாக வெளியேற வேண்டி வந்தால் ஓடவும் முடியாது. முன்பின் தெரியாதவரோடு காலி வீட்டுக்குப் போகிற தொழில் இது, மறக்க வேண்டாம். கழுத்தில் கையில் நகையைக் குறைத்துக்கொள்ளச் சொல்வதும் அதே காரணத்துக்காகத்தான்.

வேலை நடக்கும் கட்டடம் என்றால் மூடிய கெட்டி ஷூவும் தலைக்கவசமும். வாடிக்கையாளருக்கும் ஒரு தலைக்கவசம் எடுத்துப் போங்கள். அவருக்குக் கொடுக்காமல் நீங்கள் மட்டும் போட்டுக்கொண்டு நின்றால் அதைவிட மோசமான காட்சி இல்லை.

படி 5: பை, வண்டி, போன்

கையில் ஒரே ஒரு பை. அதற்குள் ஆவண நகல்கள் உறை போட்டு, அளவு நாடா, சிறிய டார்ச், எழுதுகிற பேனா இரண்டு. அட்டை முனை மடங்கிய ஃபைலை நீட்டாதீர்கள்.

வண்டி புதிதாக இருக்க வேண்டியதில்லை. சுத்தமாக இருக்க வேண்டும். அதிலும் பின் இருக்கை. நாம் அங்கே உட்காருவதே இல்லை, அதனால் கண்ணில் படாது. வாரம் ஒரு முறை பின் இருக்கையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். இருக்கைச் சந்தில் என்னென்ன கிடக்கிறது, முன் இருக்கையின் முதுகில் யார் காலால் உதைத்த தடம் இருக்கிறது என்று தெரியும்.

போனின் திரையில் உறவுக்காரர் அனுப்பும் வேடிக்கைப் படங்கள் வந்து குதித்துக்கொண்டிருக்க வேண்டாம். வீட்டுப் படத்தைக் காட்ட அவர் கையில் போனைக் கொடுக்கும் முன் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். உடைந்த திரையை மாற்றிவிடுங்கள். வாடிக்கையாளர் பேசும்போது அழைப்பு வந்தால் எடுக்காதீர்கள். "முக்கியமான போன்" என்று சொல்லி எடுத்தால், எதிரில் இருப்பவர் முக்கியமில்லை என்று அவர் காதில் விழுகிறது.

படி 6: உங்களுக்கு முன்னால் போகும் படம்

இன்று பல வாடிக்கையாளர்கள் உங்கள் முகத்தை முதலில் பார்ப்பது போன் திரையில்தான். கையை நீட்டி எடுத்த செல்ஃபியை அங்கே வைக்காதீர்கள். அழகுக்காகச் சொல்லவில்லை, வடிவியலுக்காகச் சொல்கிறேன். 2018ல் வெளிவந்த ஒரு மருத்துவ ஆய்வின் கணக்குப்படி, 12 அங்குலத் தொலைவிலிருந்து எடுத்த படத்தில் மூக்கின் அடிப்பாகம் சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது. 5 அடி தள்ளி எடுத்தால் அந்தக் கோணல் கிட்டத்தட்ட இல்லை.

எனவே வேறொருவரை 5 அடி தள்ளி நிற்கச் சொல்லி, போனின் பின்பக்கக் கேமராவில், உங்கள் கண் உயரத்தில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். ஜன்னல் வெளிச்சம் முகத்தின் ஒரு பக்கமாக விழட்டும். பின்னால் வெறும் சுவர் போதும். வேலைக்கு எப்படிப் போவீர்களோ அதே உடை. தோலை வழவழப்பாக்கும் வடிகட்டிகளைத் தொடாதீர்கள்: வாசலில் காத்திருக்கும் வாடிக்கையாளருக்கு உங்களை அடையாளம் தெரிய வேண்டும். பத்து வருடத்துக்கு முந்தைய படத்தோடு வந்து நிற்பவர், பத்து வருடத்துக்கு முந்தைய வீட்டுப் படத்தையும் காட்டுவாரோ என்று தோன்றாதா?

பெயர் அட்டை, விளம்பரம், போன் கணக்கு எல்லாவற்றிலும் ஒரே பெயர், ஒரே எழுத்துக்கூட்டல், ஒரே படம். உங்கள் பகுதியில் உரிம எண் போட வேண்டும் என்று விதி இருந்தால் அதைத் தெளிவாகப் போடுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும். வீடு வாங்கும் வயதில் பலருக்குக் கண்ணாடி தேவைப்படும்.

காணொளி அழைப்பில் பேசும்போது வெளிச்சம் உங்களுக்கு முன்னால் இருக்க வேண்டும், கேமரா கண் மட்டத்தில். நெருக்கமான மெல்லிய கோடு போட்ட சட்டை திரையில் நெளியும். அன்றைக்கு அது வேண்டாம்.

படி 7: முதல் சில நிமிடங்கள்

சொன்ன நேரத்துக்கு 20 நிமிடம் முன்னால் போய்விடுங்கள். ஜன்னலைத் திறக்க, விளக்குகளைப் போட்டுப் பார்க்க, அப்புறம் உங்கள் வியர்வை அடங்க அந்த நேரம் தேவை. ஓடி வந்து மூச்சிரைக்கப் பேசுகிறவரின் சட்டை எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை.

வாசலுக்கு வந்து வரவேற்க வேண்டும். கை கொடுப்பதா, கும்பிடுவதா என்பதை அவர் தொடங்கட்டும், நீங்கள் தொடருங்கள். வழியையும் படிகளையும் காட்டும்போது நீங்கள் முன்னால். அறைக்குள் நுழையும்போது அவர் முன்னால். அறையின் நடுவில் நிற்காமல் சுவர் ஓரமாக ஒதுங்குங்கள். நடுவில் நின்றால் அறை சிறிதாகத் தெரியும். பொதுவாகவே அந்த இடத்தை நீங்கள் எவ்வளவு குறைவாக அடைத்துக்கொள்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

பயிற்சி வகுப்புகளில், பேச்சில் சொற்களுக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, மீதி 93 சதவீதம் குரலும் உடல்மொழியும் என்று சொல்லித் தருகிறார்கள். நம்பாதீர்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967ல் செய்த சோதனைகளிலிருந்து வந்த எண்கள் அவை. ஒருவர் விருப்பத்தையோ வெறுப்பையோ காட்டும்போது சொல், குரல், முகபாவம் இவை ஒன்றோடொன்று முரண்பட்டால் எதை நம்புகிறோம் என்பது மட்டும்தான் அதில் சோதிக்கப்பட்டது. வீட்டின் பரப்பளவைச் சொல்லும்போது முகபாவம் உதவாது. எண் சரியாக இருக்க வேண்டும்.

அதேபோல, நல்ல உடை உடுத்தினால் மூளையே கூர்மையாகும் என்றும் சொல்வார்கள். வெள்ளைக் கோட்டை மாட்டியவர்களின் கவனம் கூடியது என்று 2012ல் ஓர் ஆய்வு வந்தது. பின்னர் வேறு ஆட்கள் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அதே முடிவு வரவில்லை. உடை உங்களுக்குத் தைரியம் தந்தால் சந்தோஷம். படித்துவிட்டுப் போவது கூடுதல் தைரியம் தரும்.

படி 8: அலுவலகமாக இருந்தால்

நாலைந்து பேர் சேர்ந்து வேலை செய்கிறீர்கள் என்றால் சீருடை பற்றி யோசிக்கலாம். 1971ல் கலிபோர்னியாவில் தொடங்கிய செஞ்சுரி 21 நிறுவனத்தின் முகவர்கள் பொன்னிறக் கோட்டுக்காகவே அறியப்பட்டார்கள். தெருவில் தூரத்தில் வரும்போதே யார் என்று தெரிந்துவிடும். எல்லோருக்கும் கோட்டு வேண்டாம். ஒரே நிறச் சட்டையும் கழுத்தில் படம் போட்ட அடையாள அட்டையும் போதும். காலி வீட்டுக்குள் நுழையும் ஆளைப் பார்த்து அக்கம்பக்கத்தார் சந்தேகப்படாமல் இருக்கவும் அந்த அட்டை உதவும்.

சீருடையின் பலம் எவ்வளவு என்று லியோனார்ட் பிக்மன் நியூயார்க்கின் புரூக்ளின் தெருக்களில் சோதித்து 1974ல் எழுதினார். வழியில் போகிறவர்களை நிறுத்தி, கீழே கிடக்கும் பையை எடுக்கச் சொன்னார்கள், முன்பின் தெரியாத ஒருவருக்குச் சில்லறை கொடுக்கச் சொன்னார்கள். காவலாளி உடையில் இருந்தவர் சொன்னபோது, சாதாரண உடையில் இருந்தவர் சொன்னதைவிட அதிகம் பேர் பணிந்தார்கள். படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. உடையைப் பார்த்துத் தலையாட்டும் மனிதரிடம் கையெழுத்து வாங்குவது மிகச் சுலபம். அதனால் புது ஆட்களுக்குச் சீருடை கொடுக்கும் அன்றே, தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் பழக்குங்கள்.

படி 9: பொய் சொல்லாத தோற்றம்

வாடகைக் காரை வாங்கி வந்து சொந்தக் கார் போலக் காட்டுவது, போலிக் கடிகாரம், இல்லாத பட்டத்தை அட்டையில் போடுவது, இதெல்லாம் வேண்டாம். கடிகாரம் போலி என்று தெரிந்துவிட்டால் அடுத்த சந்தேகம் பத்திரத்தின் மேல்தான். பட்டம் என்றால், "ரியல்டர்" என்ற சொல் நினைவுக்கு வருகிறது. வீடு விற்பவர் எல்லோரையும் குறிக்கும் சொல் என்று நினைத்துப் பலர் அட்டையில் போட்டுக்கொள்கிறார்கள். 1916ல் மினியாபொலிஸைச் சேர்ந்த சார்ல்ஸ் சாட்போர்ன் உருவாக்கிய சொல் அது. அமெரிக்காவின் தேசிய முகவர் சங்கத்தின் உறுப்பினர்களை, 1913லேயே அந்தச் சங்கம் எழுதி வைத்துக்கொண்ட நெறிமுறையை ஏற்றவர்களை, மற்றவர்களிடமிருந்து பிரித்துக்காட்ட வந்தது. உறுப்பினராக இல்லாமல் அதைப் போட்டுக்கொள்வது அடுத்தவர் சட்டையை மாட்டிக்கொள்வது போலத்தான்.

கடன் வாங்கித் தோற்றத்தைக் கட்டுவது இன்னொரு பள்ளம். கமிஷன் எப்போது வரும் என்று தெரியாத தொழில். மாதத் தவணை கழுத்தை நெரிக்கும்போது, வாடிக்கையாளருக்குப் பொருந்தாத வீட்டையும் தள்ளிவிடத் தோன்றும். அந்த அவசரம் முகத்தில் தெரியும், எந்த உடையும் அதை மறைக்காது.

படி 10: முந்தைய இரவும், வண்டியின் பின்பெட்டியும்

காலையில் முடிவெடுக்க ஒன்றும் மிச்சம் வைக்காதீர்கள். இரவே உடையைத் தொங்கவிட்டு, பொத்தான் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து, ஷூவைத் துடைத்து, பைக்குள் ஆவணங்களை வைத்து, போனுக்கு மின்னேற்றிவிட்டுத் தூங்குங்கள். காலரை இஸ்திரி போடும்போது இரண்டு முனையிலிருந்தும் நடுவை நோக்கிப் போடுங்கள். நடுவிலிருந்து முனைக்குப் போனால் முனையில் சுருக்கம் சேர்ந்துவிடும்.

எவ்வளவு செய்தாலும் மழை வரும், பேனா மை கக்கும், ஓனரின் நாய் ஆசையாக மேலே ஏறும். என் வண்டியின் பின்பெட்டியில் ஒரு மூடி போட்ட பெட்டி உண்டு: இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை ஒன்று, துண்டு, ஈரத் துடைப்பான், ஊசி நூல், வாரும் சீப்பு, பெரிய குடை இரண்டு. குடை இரண்டு என்பதைக் கவனியுங்கள். ஒன்றே இருந்தால் வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிட்டு நனைய வேண்டும்.

புதுக் காலுறையும் இரண்டு ஜோடி அந்தப் பெட்டியில் எப்போதும் இருக்கும். சில மாதங்களுக்கு முன் நல்ல மழையில் ஒருவர் வீடு பார்க்க வந்தார். ஷூவைக் கழற்றியதும் சொட்டச் சொட்ட நனைந்த காலோடு உள்ளே வரத் தயங்கி வாசலிலேயே நின்றார். பெட்டியைத் திறந்து ஒரு ஜோடியை எடுத்துக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு உள்ளே வந்தவர், முதல் வேலையாக மேலே தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வேண்டும் என்றார்.